முப்பத்தெட்டு நொடிக் கடுகு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து "உனக்கெப்படிய்யா தெரியும்?" என்று சட்டையைப் பிடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இணையவழியில் குழு ஆலோசனை நடத்தும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். அவர் ஒருநாள் தன் அறையில் என்னை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றரை மணி நேரம் சொன்னார். கேட்டேன். வீட்டுக்கு வந்து எழுதினேன். அவ்வளவுதான்.

(மேலே உள்ளதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் இருபது வருடமாக மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எல்லா வரியும் சரியாக இருக்கும் பக்கத்தில்தான் ஒரு பத்தியே விடுபட்டுப்போயிருக்கும். எழுத்துப் பிழையைத் தேடுகிற கண்ணுக்கு அது தெரியாது. இப்போதைக்கு நம்பிக்கொண்டு வாருங்கள்.)

சனிக்கிழமைதோறும் மாலை நான்கிலிருந்து ஐந்துவரை. ஐந்து குழந்தைகள். ஐந்து பேரும் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். யார் யாரைப் பறிகொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லப்போவதில்லை. இரண்டு பேருடையது மட்டும் கதைக்கு வேண்டும், அது வரும்போது வரும்.

2

தொடக்கம் ஒன்று: "மாலை நான்கு மணிக்கு, கணினித் திரையில் ஐந்து சிறு சதுரங்கள் மலர்ந்தன." அடித்துவிட்டேன். சதுரமாவது மலர்வதாவது.

தொடக்கம் இரண்டு: "குழந்தையின் கவனம் என்பது" என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டேன். முடித்திருந்தால் கட்டுரை ஆகியிருக்கும், நீங்களும் எழுந்து போயிருப்பீர்கள்.

தொடக்கம் மூன்று: "ஆலோசகர் தன் வலது காலுறையைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டார்." இது நின்றது. ஏனென்றால் உண்மையிலேயே மாட்டிக்கொண்டார். அந்தக் காலுறையில் இரண்டு சட்டைப் பொத்தான்கள் கண்ணாகத் தைக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் சோர்ந்தால் காலில் இருப்பது கைக்கு ஏறும், குரல் மாறும். அதற்குப் பெயர் 'பொத்தான் மாமா'.

(முதல் பிரதியில் அவரை 'அவர்' என்றே எழுதினேன். பாவம், நாற்காலியில் கஞ்சி போட்ட சேலை மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். 'அவள்' என்று மாற்றியதும் கழுத்தைச் சொறிந்துகொண்டாள், கொட்டாவி விட்டாள், பயந்தாள். ஆகவே இனி அவள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.)

நேரில் என்றால் ஓடுகிற பிள்ளையைக் கையைப் பிடித்து உட்காரவைக்கலாம், தரையில் ஒரு பந்தை உருட்டிவிடலாம். இங்கே ஒவ்வொரு பிள்ளையின் விரலும் ஒரு பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்தினால் ஆள் இல்லை. அதனால் அவளுக்கு ஏழு நிமிடக் கணக்கு. அடுப்படியில் வைக்கிற மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை மேசையில் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பாள். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாற வேண்டும். மடிக்கணினிக்குக் கீழே நான்கு தடித்த புத்தகங்கள், பார்வை நேருக்கு நேர் இருப்பதற்காக. கேமராவுக்குப் பக்கத்தில் காகிதத்தில் வரைந்து ஒட்டிய ஒரு கண், தான் எங்கே பார்க்க வேண்டும் என்று மறந்துவிடாமல் இருப்பதற்காக. "பத்து எண்ணறதுக்குள்ள சிவப்பா ஒண்ணு கொண்டு வாங்க!" என்பாள். பிள்ளைகள் ஓடுவார்கள், தடாலென்று எதையாவது தள்ளுவார்கள், கொண்டுவந்து காட்டுவார்கள். காட்டுகிற சாக்கில் பேசுவார்கள். ஒரு சிவப்புச் சட்டை வரும், அது யாருடைய சட்டை என்று வரும், பிறகு அழுகை வரும். இதுதான் வேலை. விளையாட்டு காட்டித்தான் வலியின் பக்கத்தில் கூட்டிப்போக வேண்டும்.

முதல் நாளே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பத்து வயதுப் பையன் ஒருவன் 'தலைவர்' என்று போட்டுக்கொண்டான். குரல் பெரிதான ஒருத்தி 'இடி'. இருப்பதிலேயே சின்னவன் 'பஞ்சு'. மூக்குக் கண்ணாடி போட்ட ஒன்பது வயதுப் பையன் 'கடுகு'. அவன் அப்பா பேருந்து ஓட்டுநர், ஆறு மாதத்துக்கு முன் இறந்தார். பதினொரு வயதுப் பெண் 'பூட்டு' என்று தட்டினாள். தட்டியதோடு சரி. ஏழு வாரமாக மைக்கைத் திறக்கவில்லை. ஆமாம் என்றால் பச்சை அட்டை, இல்லை என்றால் சிவப்பு அட்டை. அம்மா இறந்தபிறகு பள்ளியிலும் அப்படித்தான், வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

(பூட்டு என்ற பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். இந்தப் பெண் இல்லாமலே கதையை நடத்த முடியுமா என்றும் பார்த்தேன். முடியவில்லை.)

ஆலோசகரின் ஏடுகளில் கடுகைப் பற்றி இப்படி இருந்தது: "இப்போதெல்லாம் ஓடச் சொன்னாலும் எழுவதில்லை, தொடர்ந்து திரையையே பார்க்கிறான். கவனம் மிக நன்று. இறுதி மூச்சுப் பயிற்சியில் மனமார ஈடுபடுகிறான், மூச்சு ஆழமாக வருகிறது." குழுவிலேயே அவளுக்குக் கவலை தராத பிள்ளை அவன் ஒருவன்தான்.

3

ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுப்பாக இருக்கும். அலுப்பாக இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அவள் சொன்னாள்: "இங்க பேசறது இங்கயே இருக்கும். அம்மாகிட்ட, அப்பாகிட்டகூட சொல்லணும்னு இல்ல. நானும் சொல்ல மாட்டேன். நீங்களும் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் வெளிய போய் சொல்லக் கூடாது."

ஐந்து தலைகளும் ஆடின. இந்த விதிக்கு ஒரு மறுபாதி உண்டு. யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது. அவள் அதைச் சொல்ல வாயெடுத்தபோது பஞ்சு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். இடி தலைகீழாகத் தொங்கினாள். தலைவர் கேமராவை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அடுப்படிக் கடிகாரம் ஏழாவது நிமிடத்துக்கு மணியடித்தது. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபாதியை விழுங்கிவிட்டு, "பத்து எண்ணறதுக்குள்ள நீலமா ஒண்ணு!" என்றாள். தலைவர்கூடக் கேமராவைத் திறந்தார், ஐந்து பேரும் சிட்டாய்ப் பறந்தார்கள். அவளுக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் அதற்கு அடுத்த வாரத்தைத் தேடிப் போனது.

பெற்றோருக்குத் தனி விதி: அந்த ஒரு மணி நேரம் கதவு சாத்தியிருக்க வேண்டும், பெரியவர்கள் யாரும் அறைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. எழுத்தில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கினாள். தவிர, மூன்றே முக்காலுக்கே இணைப்பைத் திறந்துவிட்டு அவள் எழுந்து போய்விடுவாள். அந்தக் கால்மணி நேரம் பிள்ளைகள் தங்களுக்குள் அரட்டை அடிக்கட்டும், பெரியவர் காது இல்லாமல் பழகட்டும் என்று. நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

4

எட்டாவது சனிக்கிழமை.

நான்கு முப்பத்தொன்றுக்குப் பஞ்சுவின் சதுரம் இருண்டது. ஒரு நிமிடத்தில் கைப்பேசி வழியாகத் திரும்பி வந்தான், மூக்கு மட்டும் தெரிந்தது.

"கரண்ட் போச்சு மிஸ்! எங்க பில்டிங் ஃபுல்லா இல்ல. லிஃப்ட்டும் நின்னுடுச்சாம்!"

"அடடே, அப்ப இருட்டு விளையாட்டு விளையாடலாமா?" என்றார் பொத்தான் மாமா. எல்லாரும் ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். டார்ச்சைத் தாடைக்குக் கீழே வைத்துப் பேய் முகம் காட்டினார்கள். எதிர்பாராமல் கிடைத்த ஏழு நிமிடம். அவள் ஒவ்வொரு சதுரமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். கடுகின் சதுரத்துக்கு வந்தபோது சிரிப்பு பாதியில் நின்றது.

கடுகின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பஞ்சுவும் கடுகும் ஒரே கட்டடம். பஞ்சு ஏழாம் மாடி, கடுகு மூன்றாம் மாடி.

அவன் மடிக்கணினி பேட்டரியில், கைப்பேசி இணையத்தில் ஓடுவது; மின்விசிறிக்கு மாற்று மின்சாரம் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். நினைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். கடுகு ஒற்றை விரலால் கண்ணாடியை மேலே தள்ளினான். தலையசைத்தான். சிரித்தான். கட்டைவிரலை உயர்த்தினான். அவள் எண்ண ஆரம்பித்தாள். வாய் பொத்தான் மாமாவுக்காகப் பேசியது, கண் எண்ணியது. முப்பத்தெட்டு. ஒற்றை விரல், கண்ணாடி, தலை, சிரிப்பு, கட்டைவிரல். மறுபடி முப்பத்தெட்டு. மூன்றாவது தடவையும் முப்பத்தெட்டு. ஓடிக்கொண்டிருந்தது ஒரு பதிவு.

"கடுகு, கொஞ்சம் மைக் ஆன் பண்ணேன் கண்ணா."

இருபது நொடி கழித்து, தன் முறை வந்ததும், கடுகு கட்டைவிரலை உயர்த்தினான்.

அப்போதுதான் மற்ற நான்கு பேரையும் பார்த்தாள். நான்கு பேரும் அசையவில்லை. யாரும் தலைகீழாகத் தொங்கவில்லை, யாரும் மூக்கை நோண்டவில்லை. எட்டு கண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எட்டு வாரமாக எந்தக் கவனத்துக்காகக் காலுறையும் கையுமாகக் கூத்தாடினாளோ, அந்தக் கவனம்.

மேசைக்குக் கீழே இன்னொரு கைப்பேசியில் கடுகின் அம்மாவை அழைத்தாள். எடுக்கவில்லை. இரவு வேலைக்குப் போகிறவர், ஐந்து மணிவரை தூங்குவார். இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை தூக்கக் குரல் வந்தது.

"உள்ளதான் இருக்கான் மேடம். நீங்கதானே கதவைத் தொறக்கக் கூடாதுன்னீங்க?"

"பரவாயில்ல. இப்ப தொறங்க."

காலடி கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்லையே... மேடம், இல்லையே! கம்ப்யூட்டர் மட்டும் ஓடுது! ஐயோ, எங்க போனான்?"

5

இந்த இடத்தில் எந்தக் கதைசொல்லியும் ஓட ஆரம்பிப்பான். தெரு, மூச்சிரைப்பு, அம்மாவின் அவிழ்ந்த கூந்தல். ஆனால் ஆலோசகர் ஓட முடியாது. அவள் நாற்காலியைவிட்டு எழுந்தாலே திரையில் தெரியும். 'காணோம்' என்ற சொல்லை இந்தப் பிள்ளைகள் முன்னால் சொல்லவும் முடியாது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஏற்கெனவே ஒருவர் இல்லாமல் போயிருக்கிறார். மிரட்டினால் நான்கு விரல்களும் பொத்தானை அழுத்திவிடும், கடுகு போன இடமும் அவர்களோடு போய்விடும்.

காலுறையைக் கையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். முகத்தைக் காகிதக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"தலைவரே, கடுகு எங்க?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

"ஸ்க்ரீனுக்குள்ள."

இடி சிரித்துவிட்டு, சிரித்ததை அப்படியே விழுங்கினாள்.

"அந்த வீடியோ நீ போட்டுக் குடுத்ததா?"

"சொல்லித்தான் குடுத்தேன். ரொம்ப ஈஸி மிஸ். பின்னாடி படம் வைப்போம்ல, அங்க நம்ம வீடியோவையே வச்சுடணும். உங்களுக்கும் வேணும்னா சொல்லித் தரேன்."

"எத்தனை வாரமா?"

பஞ்சு இருட்டில் நான்கு விரலைக் காட்டினான். ஆலோசகர் ஏட்டில் எழுதியிருந்த 'கவனம் மிக நன்று' அந்த நான்கு வாரத்தைச் சேர்ந்தது.

"சரி. எங்க போறான்?"

"அதைச் சொல்ல முடியாது" என்றார் தலைவர்.

"ஏன்?"

"இங்க பேசறது இங்கயே இருக்கணும்."

"நானும் இங்கதானே இருக்கேன்?"

"நீங்க அப்ப இல்ல மிஸ். நாலு மணிக்கு முன்னாடி நாங்க மட்டும்தானே இருப்போம். அது எங்க ஏரியா."

அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைக்கும்போது சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"அந்த ரூல்ல இன்னும் பாதி இருக்கு. யாருக்காவது ஆபத்துன்னா, சொல்லணும்."

"இல்ல!" இடியின் குரலில் ஒலிபெருக்கி கரகரத்தது. "இது புது ரூல். கேம் நடுவுல ரூல் மாத்தினா அது கள்ளாட்டம்."

"ஆமா" என்றாள் அவள். "கள்ளாட்டம்தான். முதல் நாளே சொல்லியிருக்கணும். நீங்க போரடிச்சு எழுந்து போயிடுவீங்களோன்னு பயந்து, பாதியை முழுங்கிட்டேன். தப்பு என்மேல. ஆனா அந்தப் பாதி நிஜம்."

தலைவர் நகத்தைக் கடித்தார். அதுவரை வெறும் தலைவர், அந்த நிமிடம் பத்து வயதுப் பையன்.

"சொன்னா கடுகு எங்ககூட டூ விட்டுடுவான்" என்றான் பஞ்சு. பிறகு, "அவன் பூ மோந்து பாக்கற டைமுக்குக் கரெக்டா வந்துடுவான் மிஸ். ஓடி வந்து வீடியோவை ஆஃப் பண்ணிடுவான்."

பூவை முகர்வதுபோல் மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் விடுவது. ஒவ்வொரு வாரமும் நான்கு ஐம்பத்தைந்துக்கு அதோடுதான் முடிப்பார்கள். கடுகின் மூச்சு ஏன் அவ்வளவு ஆழமாக வந்தது என்று இப்போது தெரிந்தது. மூன்று மாடி ஓடி ஏறி வந்தால் யாருக்குத்தான் ஆழமாக வராது?

மணி நான்கு ஐம்பத்து நான்கு.

"சரி, எல்லாரும் பண்ணலாம்" என்றாள். "பூவை... மோந்து பாருங்க. விளக்கை... ஊதுங்க."

ஐந்து தடவை செய்தார்கள். கடுகின் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒற்றை விரல், கண்ணாடி, தலை, சிரிப்பு. ஆறாவது தடவை பஞ்சு ஊத முடியாமல் அழ ஆரம்பித்தான்.

"லிஃப்ட் நின்னுடுச்சே மிஸ்" என்றான். "லிஃப்ட்டுக்குள்ள இருந்தா?"

அப்போது திரையின் ஓரத்தில், பூட்டின் சதுரத்தில், மைக் படத்தின்மேல் எட்டு வாரமாகக் கிடந்த சிவப்புக் கோடு மறைந்தது.

"அறுபத்தொண்ணு" என்றாள் பூட்டு.

குரல் துருப்பிடித்திருந்தது. ஆலோசகருக்கு அது யாருடைய குரல் என்றே முதலில் விளங்கவில்லை.

"அறுபத்தொண்ணாம் நம்பர் பஸ். அவன் அப்பா ஓட்டினது. டிரைவருக்குப் பின் சீட்டுல உக்காந்து ஒரு சுத்து போய்ட்டு அங்கயே வந்து இறங்கிடுவான். அம்பது நிமிஷம்." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி சொன்னாள். "எங்க அப்பாவுக்கும் தெரியும் மிஸ். ரெண்டு வாரம் முன்னாடியே கேட்டுட்டாரு. இப்பவும் கதவுக்கு வெளியதான் நிக்கறாரு. கீழ கால் தெரியுது."

6

விடுபட்ட பத்தி இதுதான்.

அந்தக் கால்கள் என்னுடையவை. பூட்டு என் மகள்.

ஆலோசகர் தன் அறையில் உட்காரவைத்து என்னிடம் சொன்னது உண்மை. அவளுடைய பாதியைச் சொன்னாள். என்னுடைய பாதி எனக்கு முன்பே தெரியும், ஏனென்றால் எட்டு சனிக்கிழமையும் துண்டு மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு என் மகளின் அறைக் கதவோரம் நின்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்தான். காதில் மாட்டினால் வலிக்கிறது என்று அவள் ஹெட்போனைக் கழற்றிவிடுவாள், அதனால் எல்லாருடைய குரலும் கதவிடுக்கில் வழிந்து வரும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். இந்த வாரமாவது பேசிவிட மாட்டாளா என்று. மற்ற பிள்ளைகளின் குரல் எனக்கு இரைச்சல். அந்த இரைச்சலில்தான் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பையன் பேருந்தில் தனியாகச் சுற்றுவதைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. பாவம், அப்பா நினைப்பு என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். சொன்னால், உங்களுக்கெப்படித் தெரியும் என்பார்களே? யாரோ பெற்ற பிள்ளை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று துண்டை மடித்துவிட்டுப் போய்விட்டேன்.

அவள் பேசியதைக் கேட்டேன். ஐந்து மாதத்தில் முதல்முறையாக என் மகள் வெளியாட்கள் முன்னால் பேசினாள். அவளுடைய அடுத்த வாக்கியத்தில் நான் இருந்தேன்.

"அப்பாவைக் கூப்பிடும்மா" என்றது கணினி.

இனி நடந்ததற்கு என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன.

முதல் பிரதி: கதவைத் திறந்து உள்ளே போனேன். மகளின் தோளில் கை வைத்து, "ஆமாங்க மேடம், கேட்டேன். சொல்லாதது என் தப்பு" என்றேன். (இது இரண்டு வாரம் என் மேசையில் இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.)

இரண்டாம் பிரதி: ஒரு வார்த்தை பேசாமல் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன், அறுபத்தொன்று திரும்பும் முனையில் போய் நின்றேன். (எழுத நன்றாக இருந்தது. மாடிப்படி நான்கு ஏறினாலே எனக்கு முட்டி பிடிக்கும்.)

மூன்றாம் பிரதி: கதவைத் திறந்தேன். கையில் துண்டு. கேமராவுக்குக் குனிந்து, போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்து, சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். இப்பத்தான் இந்தப் பக்கம் வந்தேன். பாப்பா ஏதோ... கற்பனையா சொல்றா."

மூன்றாவதுதான் நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதைப் பெற்ற மகளின் கண் முன்னாலேயே மறைத்தேன்.

என் மகள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கோபமாக இருந்திருந்தால் தேவலை. திரும்பி, சுட்டியை நகர்த்தி, ஒருமுறை அழுத்தினாள். சிவப்புக் கோடு திரும்ப வந்தது.

என் பொய்க்கு இருபது நிமிடம் விலை. தகப்பனே 'கற்பனை' என்று சொல்லிவிட்டாரே என்று ஆலோசகர் தயங்கினாள். பஞ்சு சொன்ன லிஃப்ட் பக்கம் மனம் போயிற்று. கடுகின் அம்மா இருட்டில் மாடி மாடியாக இறங்கி, லிஃப்ட் கதவுகளைக் கையால் அறைந்து, அவன் உண்மைப் பெயரைச் சொல்லிக் கத்தினார். உள்ளிருந்து பதில் வரவில்லை. பதில் வராத கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் கதவுக்கு உள்ளே பிள்ளை இருந்தாள். கீழ்த்தளம்வரை தட்டிமுடித்த பிறகுதான் ஆலோசகர் பேருந்துப் பணிமனைக்குத் தொலைபேசி செய்தாள்.

"அந்தக் கண்ணாடிப் பையனா?" என்றார்களாம் அங்கே. "நாலு வாரமா வர்றானே, நம்ம ஆளோட பையன்தானே! மின்சாரம் போய் சிக்னல் எல்லாம் நின்னு, வண்டி பாலத்துமேல மாட்டிக்கிச்சு. ஏன், வீட்ல சொல்லிட்டு வரலையா?"

அவர்களுக்கும் தெரிந்திருந்தது. எல்லாப் பெரியவர்களும் அடுத்த பெரியவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாற்பதுக்கு நடத்துநர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். அம்மா அவனை ஒரு அறை அறைந்தார், பிறகு விடவேயில்லை.

(பேருந்து பேருந்தல்ல. எண்ணும் அறுபத்தொன்று அல்ல. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பதால் அப்பா உட்கார்ந்த இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். கடுகின் அம்மாவும் ஆலோசகரும் படித்து, சரி என்ற பிறகுதான் இதை வைத்திருக்கிறேன். அந்த மட்டுக்காவது விதியைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டேன்.)

7

கடுகைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிறு காலை அம்மாவும் அவனும் சேர்ந்து ஒரு சுற்றுப் போய்வருகிறார்கள். சனிக்கிழமை குழுவில் இப்போது நாற்காலியிலிருந்து விழுகிறான், மூக்கை நோண்டுகிறான், மேசைக்குக் கீழே போய் ஒளிகிறான். 'கவனம் போதாது' என்று சந்தோஷமாக எழுதுகிறாள் ஆலோசகர். விதியின் மறுபாதியை ஒவ்வொரு வாரமும் முதலில் சொல்கிறாள். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும் என்கிறாள்.

நான் அவளிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லிட்டீங்க. கேக்க வேண்டிய ஆள் நான் இல்லையே?" என்றாள்.

"அவ முகத்தைப் பாத்து எனக்கு வாய் வரலீங்க."

"உங்களுக்கு எது வருமோ அதுல சொல்லுங்க."

எனக்கு வருவது இது ஒன்றுதான்.

ஆகவே, இந்தக் கதையின் முடிவு உங்கள் கையில் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு தூரம் பொறுமையாக வந்தீர்கள், ஆனால் இது ஒரே ஒரு ஆள் படிப்பதற்காக எழுதியது. மற்றவர்கள் எல்லாரும், என்னைப்போலவே, கதவுக்கு வெளியே நின்று கேட்டவர்கள்.

பாப்பா, நீ சொன்னது கற்பனை இல்லை. நான் சொன்னதுதான் கற்பனை. நீ தைரியமாக உண்மையைச் சொன்னாய், நான் பயந்துபோய் உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன். ஒரு பையனை வீடு சேர்த்தது உன் குரல். அதைத்தான் நான் எல்லார் முன்னாலும் அடித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதி

இல்லை, அதை எழுத்தில் கேட்க மாட்டேன். நீ கதவைத் திறக்கும்போது வாயால் கேட்கிறேன்.

இந்தத் தாள்களைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். என் சிவப்புப் பென்சிலும் கூட வருகிறது. ஆறாம் பகுதியில் மூன்று பிரதியையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். நடந்தது எது என்று உனக்குத்தான் நேரில் தெரியும். பிழை இருந்தால் திருத்து. என்னைப் பற்றி நான் கொஞ்சம் நல்லவிதமாக எழுதிக்கொண்ட இடம் இருந்தால் அதையும் அடித்துவிடு. கடைசிப் பக்கத்தில் பாதி வெள்ளையாக இருக்கிறது, அது உனக்கு. எழுதினாலும் சரி, பச்சையோ சிவப்போ அட்டையை ஒட்டினாலும் சரி, அப்படியே விட்டாலும் சரி.

கீழே பார். கால் தெரியாது. நான் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து எதுவும் கேட்காது.